பித்தம் என்று நினைத்தோம்: ஒரு காப்பர் பாட்டிலின் ஆறு வாரம்

சென்ற தை மாதம் வடபழனியில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையைக் கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் தேங்காய்க்குப் பதில் ஒரு காப்பர் பாட்டில். 950 மில்லி பிடிக்கும், உடம்பெல்லாம் சுத்தியல் தட்டிய வேலைப்பாடு, ஒல்லிக் கழுத்து, திருகு மூடி. என் மாமனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எனக்கு” என்றார். அன்றிலிருந்து அது அவருடையது.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கே.கே. நகர் சிவன் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு நடுவே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அந்த ஆறு வாரத்தில் நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால் வேறு யாருக்காவது உதவும் என்று தோன்றியது. நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடமாகச் செம்பு உப்புகளோடு புழங்குகிறவன். என் வீட்டுச் சமையலறையிலேயே இது நடந்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நடந்தது

மாமாவுக்கு வயது 68. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை. இரண்டும் பல வருடமாக அதே அளவு. மற்றபடி திடமான மனிதர். ராத்திரி படுக்கப் போகும்போது பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைப்பார். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் பாதியைக் குடிப்பார். மீதியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவார். தண்ணீர் எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பிடித்தது.

முதல் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. “மலச்சிக்கல்கூட இல்லை மாப்பிள்ளை, பாருங்க” என்று சந்தோஷமாகவே இருந்தார். காலையில் எழுந்ததும் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எந்தப் பாத்திரத்தில் குடித்தாலும் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

மாசி பிறந்த சமயம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. பாட்டிலின் உட்புறம் மங்கிக் கறுக்க ஆரம்பித்தது. அவருடைய நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவில் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள்: எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் புதுசு போல் ஆகிவிடும் என்று. கழுத்து வழியாகக் கை போகாது. எனவே அவர் சாற்றைப் பிழிந்து ஊற்றி, கல் உப்பைப் போட்டு, மூடியைத் திருகி, குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். உள்ளே பளபளவென்று ரோஜா நிறத்தில் மின்னியது. ஒருமுறை செய்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தினமும் ராத்திரி தண்ணீர் பிடிப்பதற்கு முன் ஒரு குலுக்கல் என்று அதை வழக்கமாக்கிக்கொண்டார்.

அதே வாரம்தான் ஆர்.ஓ. மெஷினுக்கு சர்வீஸ். வந்தவர் மெம்பிரேனை மாற்றினார், உப்பு அளவைச் சரிசெய்யும் திருகை முழுக்க மூடினார், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை முக்கிக் காட்டினார்: 28. “சுத்தமோ சுத்தம் சார்” என்றார். அதற்கு முன் எங்கள் மெஷின் தண்ணீர் 120, 130 காட்டும். நானும் தலையாட்டி அனுப்பி வைத்தேன்.

நாலாவது வாரக் கடைசியில் மாமா, “வாயில் காசை வெச்ச மாதிரி இருக்கு” என்றார். காலையில் லேசான குமட்டல். பத்து மணிக்கு டிபன் சாப்பிட்டால் சரியாகிவிடும். அத்தை சொன்னது, அவரே நம்பியது, நானும் ஒப்புக்கொண்டது: பித்தம். பித்தத்துக்கு நம் வீட்டில் என்ன மருந்து? இஞ்சியும் எலுமிச்சையும். கொஞ்சம் தேன். அத்தை ராத்திரியே கலக்கி வைத்துவிடுவார். எதில் என்று சொல்ல வேண்டுமா?

ஆக, குமட்டலைக் கொடுத்த பாத்திரத்திலேயே அதற்கான மருந்தும் எட்டு மணி நேரம் ஊறியது. மருந்து எடுக்க எடுக்கக் குமட்டல் கூடியது. குமட்டல் கூடக் கூட எலுமிச்சையும் அரைப் பழத்திலிருந்து ஒன்றரைப் பழமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அதை ஒரே மூச்சில் கால் லிட்டர் குடித்திருக்கிறார். பத்து நிமிடத்தில் வயிற்றைப் பிசைந்து, வியர்த்து, வாந்தி.

கிளினிக்கில்

68 வயதுக்காரர், சர்க்கரைக்காரர், வியர்த்து வாந்தி எடுத்தார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயம். டாக்டர் அதைத்தான் செய்தார். ஈ.சி.ஜி. எடுத்தார், பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எல்லாம் சரி. மெட்ஃபார்மினாலும் குமட்டல் வரும் என்பதால் மாத்திரையின் அளவோ கம்பெனியோ சமீபத்தில் மாறியதா என்று கேட்டார். இல்லை. கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். மறுநாள் அதுவும் சரியாகவே வந்தது.

அப்புறம்தான் கேட்டார்: “காலைல என்ன குடிச்சீங்க? எதுல குடிச்சீங்க?”

மாமா பெருமையோடு பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பார்வையை இன்னும் கொஞ்ச நாள் மறக்க மாட்டேன்.

பாட்டிலை நிறுத்தினோம். இரண்டாம் நாள் குமட்டல் இல்லை. மூன்றாம் நாள் வாயில் காசு வாடையும் போனது.

பாட்டிலுக்குள்

அந்தப் பாட்டிலைக் கழுவாமல் அப்படியே கல்லூரிக்கு எடுத்துப் போனேன். செல்போன் டார்ச்சைக் கழுத்து வழியாக அடித்துப் பார்த்தால், பாட்டிலின் வயிறு பளிச்சென்று இருந்தது. குலுக்கும்போது உப்பு உரசிய இடம் அது. ஆனால் கழுத்துக்குக் கீழே, தோள் வளைகிற இடத்தில், உப்பும் எட்டாமல் நீரும் சரியாக அலசாமல் ஒரு பச்சை வளையம். அந்த வளையத்தில் ஒரு எலுமிச்சை விதை ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பி வெளியே எடுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய விதை மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) தோய்த்தெடுத்தது போல் நீலப்பச்சையாக இருந்தது.

செம்பில் பிடிக்கும் இந்தப் பச்சைக்குத்தான் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும்; உயிரில் ஆணவ மலம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். அங்கே அது செம்போடு கூடவே பிறந்தது. பாட்டிலில் அப்படி இல்லை. புளிப்பும் ஈரமும் காற்றும் சேர்ந்து உண்டாக்குவது அது. தண்ணீரில் கொஞ்சம், புளிப்பில் நிறையக் கரையும்.

உட்புறம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மங்குவது வேறு சமாச்சாரம். அது செம்பின் ஆக்சைடு. பார்க்க அழகாக இருக்காதே தவிர, அடியில் இருக்கும் உலோகத்துக்கு அது ஓரளவு போர்வை. செம்புக் குழாய் போட்ட கட்டிடங்களில்கூடக் குழாய் புதுசாக இருக்கும்போதுதான் தண்ணீரில் செம்பு அதிகம் இறங்கும். உள்ளே படலம் படிந்த பிறகு குறையும். மாமா தினமும் செய்தது அந்தப் போர்வையை உரித்து, புத்தம் புது உலோகத்தைத் தண்ணீருக்குக் காட்டியது. அவர் கண்ணுக்கு அது சுத்தம்.

மூன்று குழாய்கள்

பாட்டிலின் அடியில் கொஞ்சம் இஞ்சி எலுமிச்சை நீர் மிச்சம் இருந்தது. வடிதாளில் வடிகட்டி நெஸ்லர் குழாயில் ஊற்றினேன். தண்ணீர்ச் சோதனை செய்கிறவர்களுக்குப் பழக்கமான நீளக் கண்ணாடிக் குழாய் இது. மேலிருந்து கீழே குனிந்து பார்த்தால் மங்கலான நிறம்கூடத் தெரியும். அதில் அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். எலுமிச்சையின் மஞ்சள் மெல்லப் பச்சையாகி, பிறகு நீலத்துக்கு நகர்ந்தது. முதலாம் ஆண்டு மாணவர்கள் செம்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் அதே சோதனைதான். இது நுணுக்கமான சோதனை இல்லை. கண்ணுக்கு நீலம் தெரிய வேண்டுமென்றால் லிட்டருக்குப் பல மில்லிகிராம் செம்பு இருந்தாக வேண்டும்.

குடிநீரில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். நம் இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, இன்னும் இறுக்கமானது: 0.05 மில்லிகிராம் விரும்பத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாக்குக்குச் சுமார் 2.5 மில்லிகிராமில் உலோகச் சுவை தெரியத் தொடங்கும். 3, 4 மில்லிகிராமைத் தாண்டினால், அதுவும் வெறும் வயிற்றில், குமட்டல் வரும். செம்பு உப்பு இரைப்பையை நேராகவே எரிச்சல்படுத்தும். அந்தக் காலத்தில் விஷம் குடித்தவர்களை வாந்தி எடுக்க வைக்க மயில்துத்தக் கரைசலைக் கொடுத்த வைத்திய முறை இருந்ததே இதனால்தான். மாமாவுக்கு நாங்கள் தினமும் அதில் ஒரு சின்ன அளவைத் தேன் கலந்து கொடுத்திருக்கிறோம்.

சரி, எலுமிச்சைதான் குற்றவாளி என்று அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் காசு வாடை எலுமிச்சை நீர் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டதே. எனவே வெறும் தண்ணீரையும் பார்த்தேன். பாட்டிலை ஒருமுறை மாமா செய்வது போலவே குலுக்கிக் கழுவி, வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்தேன். அடுத்த ராத்திரி, அதே போலக் கழுவி, மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு ஊற்றினேன். மூன்றாவது ராத்திரி கழுவவே இல்லை; வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி அதே குழாய்த் தண்ணீர்.

மில்லிகிராம் கணக்குக்கு அம்மோனியா போதாது. அதற்கு ஒரு வேதிப்பொருள் உண்டு, அதன் முழுப் பெயரை எழுதினால் ஒரு வரி போய்விடும், ஆய்வகத்தில் டி.டி.சி. என்போம். செம்பு துளி இருந்தாலும் தேன் நிறம் காட்டும். ஒப்பிட, 3.93 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டரில் கரைத்து, அதை ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைசல் கிடைக்கும். மூன்று ராத்திரித் தண்ணீரையும் அதன் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினேன்.

ஆர்.ஓ. தண்ணீர், அந்த ஒரு மில்லிகிராம் கரைசலைவிடக் கறுத்த தேன் நிறம். குழாய்த் தண்ணீர் அதைவிட நன்றாக வெளிறியது. மூன்றாவது, கழுவாத பாட்டில் தண்ணீர், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் நிறமே தெரிந்தது.

கண்ணால் ஒப்பிட்டதுதான், கருவி வைத்து அளந்த எண் இல்லை. ஆனால் எது முதல், எது கடைசி என்பதில் குழப்பமே இல்லை.

ஆர்.ஓ. தண்ணீர் ஏன்?

இதுதான் பலருக்குப் புரியாத இடம். “சுத்தமான தண்ணி, அதுல எப்படிங்க?” என்று மாமாவே கேட்டார்.

ஆர்.ஓ. மெம்பிரேன் உப்புகளைத் தடுத்துவிடும். அதோடு தண்ணீரின் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டும் போய்விடும். ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு மெம்பிரேன் வழியாகத் தாராளமாக நுழைந்துவிடும். தாங்குவதற்கு ஆள் இல்லாமல் புளிக்க வைக்கிற ஆள் மட்டும் மிஞ்சினால், தண்ணீர் லேசாக அமிலப் பக்கம் சாயும். பி.எச். தாளில் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) எங்கள் மெஷின் தண்ணீர் 6 காட்டியது. குழாய்த் தண்ணீர் ஏழரைக்கு மேல். 6.5க்குக் கீழே போகப் போகச் செம்பை அரிக்கும் குணம் கூடும். மெம்பிரேன் பழசாக இருந்தவரை கொஞ்சம் உப்பும் சேர்ந்தே வந்தது, பாட்டில் சும்மா இருந்தது. மெஷினைச் ‘சுத்தமோ சுத்தம்’ ஆக்கிய வாரத்திலிருந்து அது செம்பைத் தின்னும் தண்ணீர். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக போர் தண்ணீருக்கு ஓட வேண்டாம். கடலோரப் பக்கம் போர் போட்டவர்களுக்கு உப்புக் கரிக்கும் தண்ணீர்தான் கிடைக்கும். அந்தக் குளோரைடும் செம்பைக் குழி குழியாக அரிக்கக்கூடியது.

2012இல் பெங்களூரில் ஒரு ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செம்புப் பானையில் தண்ணீர் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளை வேண்டுமென்றே கலந்து 16 மணி நேரம் வைத்தார்கள். வளர்த்துப் பார்த்தபோது ஒரு கிருமியும் தலைதூக்கவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பு லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செம்பு பாத்திரம் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரின் பி.எச். 7.8 என்பதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிருமியைக் கொல்வது செம்பு செய்யும் உண்மையான வேலை. ஆர்.ஓ., புற ஊதா விளக்கு எல்லாம் தாண்டி வந்த தண்ணீரில் அதற்குக் கொல்ல அதிகம் மிச்சம் இல்லை. அப்புறம், செம்புச் சத்து: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 0.9 மில்லிகிராம் போதும். சுண்டல், எள்ளுருண்டை, முந்திரி, ஈரல் சாப்பிடுகிற வீட்டில் அதற்காகப் பாட்டில் வாங்க அவசியமே இல்லை.

பாட்டியின் செம்பு

“எங்க பாட்டி காலம் முழுக்கச் செம்புக் குடத்துலதான் குடிச்சா, அவளுக்கு என்ன ஆச்சு?” என்பது அத்தையின் வாதம். நியாயமான கேள்வி. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டி குடித்தது கிணற்றுத் தண்ணீர், நல்ல கடினத் தண்ணீர். குடத்தின் வாய் அகலம். முழங்கை வரை விட்டுப் புளி போட்டுத் தேய்க்கலாம், பிறகு தேய்த்த தடம் தெரியாமல் அலசலாம். தினமும் காலையில் பழைய தண்ணீர் செடிக்குப் போகும், புதுத் தண்ணீர் வரும். முக்கியமாக, அந்தப் பாட்டியே மோரையோ புளிக்கரைசலையோ செம்பில் ஊற்ற விட்டிருக்க மாட்டாள். ரசத்துக்கு ஈயச் சொம்பு (வெள்ளீயம், காரீயம் இல்லை). பித்தளை அண்டாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை தெருவில் “ஈயம் பூசறதேய்” என்று கத்திக்கொண்டு வருபவரை உட்காரவைத்து, நவச்சாரப் புகையில் பூசி வாங்குவார்கள். செம்பும் புளிப்பும் சேரக் கூடாது என்பது அந்தச் சமையலறையில் எழுதப்படாத சட்டம். கோயிலில் செம்புப் பாத்திரத்துத் தீர்த்தம் தருகிறார்களே, அது ஒரு உத்தரணி. யாரும் ஒரு லிட்டர் வாங்கிக் குடிப்பதில்லை.

நமக்கு வந்து சேர்ந்தது பாத்திரம் மட்டும். தண்ணீர் மாறிவிட்டது, வாய் குறுகிவிட்டது, மூடி வந்துவிட்டது, புளிப்பைத் தள்ளி வைக்கும் வழக்கம் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிட்டது.

அத்தையிடம் இதைச் சொன்னபோது, “அப்ப ஈயம் பூசிக் கொடுக்கச் சொல்லுங்க” என்றார். உள்ளே ஈயம் பூசினால் அப்புறம் அது எதற்குச் செம்பு?

இப்போது எப்படி வைத்திருக்கிறோம்

பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. மாமாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும் தூக்கிப் போடக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. சில மாற்றங்களோடு திரும்பவும் புழக்கத்துக்கு வந்தது.

தண்ணீர் மட்டும். எலுமிச்சை, மோர், இளநீர், பழச்சாறு, சோடா, சீரகத் தண்ணீர் என்று எதுவும் இல்லை. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் பி.எச். 6க்குக் கீழே உள்ள எதையும் பூச்சில்லாத செம்பில் வைக்கவே கூடாது என்கின்றன. எலுமிச்சை நீர் 3க்குப் பக்கத்தில் நிற்கும். வெந்நீரும் கூடாது, சூட்டில் அரிப்பு வேகமாகும். காய்ச்சிய தண்ணீர் என்றால் நன்றாக ஆறிய பிறகு. இதே காரணத்தால் பாட்டிலைக் காரில் விட்டுவிட்டு வருவதில்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் எப்படிக் கொதிக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.ஓ. மெஷினில் திருகைத் திறந்துவிடச் சொல்லி, மீட்டர் 130ல் நிற்கிறது. சர்வீஸ் ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என்றாலும் பாட்டிலுக்கு நாங்கள் ஊற்றுவது காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீர்தான்.

ராத்திரி நிரப்பி, காலையில் இரண்டு டம்ளர். மத்தியானத்துக்குள் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அலசி, மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவோம். பகல் முழுக்க அது காய வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் தோளில் களிம்பு கட்டும். மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் வாஷரை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். அதன் பள்ளத்தில்தான் அழுக்கெல்லாம் ஒளிந்துகொள்ளும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் உள்ளே நின்ற தண்ணீரைக் குடிப்பதில்லை.

தேய்ப்பது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது பச்சை தெரிந்தால். எலுமிச்சையும் உப்பும் தவறில்லை, புளியும் தவறில்லை. எவ்வளவு நேரம் வைக்கிறோம், எப்படி அலசுகிறோம் என்பதுதான் விஷயம். வளைந்த நைலான் பிரஷ் ஒன்று பாரிமுனையில் வாங்கினேன், தோள் வளைவு வரை எட்டும். இரண்டு நிமிடம் தேய்த்து, நாலைந்து முறை அலசி, முதலில் நிரப்பும் தண்ணீரை ஒரு மணி நேரம் வைத்துக் கொட்டிவிடுவோம். கம்பி நார் போடுவதில்லை. கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். விளக்கு துலக்கும் பவுடர்கள் வெளிப்புறத்துக்கு மட்டும். சில பாட்டில்களுக்கு வெளியே கறுக்காமல் இருக்க லாக்கர் என்ற மெல்லிய பளபளப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். அதைத் தேய்த்தால் திட்டுத் திட்டாக உரியும். அது அழகுப் பிரச்சினை, உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே குழி விழுந்தாலோ, எவ்வளவு தேய்த்தும் பச்சை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்தப் பாட்டிலுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் அகல வாய். என்னைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம், மூடி போட்ட சொம்பு அல்லது சின்னக் குடம் போதும். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் செம்பு முலாம். ஒட்டாவிட்டால் செம்புதான் என்று உடனே நம்பிவிடவும் முடியாது, நல்ல எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்து, அடியிலோ இணைப்பிலோ வெள்ளையாகப் பற்றவைத்த கோடு தெரிந்தால் நான் வாங்க மாட்டேன். பற்றாசில் காரீயம் இருந்தால் அது செம்பைவிடப் பெரிய தொல்லை.

யாருக்குக் கூடவே கூடாது

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. மச்சினிக்கு ஏழு மாதக் குழந்தை. மாமாவின் மலச்சிக்கல் போன கதையைக் கேட்டுவிட்டு, குழந்தைக்கும் செம்புத் தண்ணீரில் பால் பவுடர் கரைக்கலாமா என்று ஒரு பேச்சு நடந்திருக்கிறது. நல்லவேளையாகப் பேச்சோடு போனது.

கைக்குழந்தையின் கல்லீரலால் பெரியவர்களைப் போலச் செம்பை வெளியேற்ற முடியாது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் சுருங்கிப்போகும் நோய் நம் நாட்டில் ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. மருத்துவப் புத்தகங்களில் அதற்கு ‘இந்தியக் குழந்தைப் பருவக் கல்லீரல் சுருக்கம்’ என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். எவர்சில்வர் வீடு வீடாக வந்த பிறகு அநேகமாக மறைந்துவிட்டது. பாலில் இருக்கும் புரதம் செம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பாலும் செம்பும் சேரவே கூடாது.

வில்சன் நோய் இருப்பவர்களுக்கும் செம்புப் பாத்திரம் ஆகாது. மரபணுக் கோளாறால் உடம்பில் சேரும் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடும் நோய் அது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். வீட்டில் யாருக்காவது அது இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ளும் வரை இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஏற்கனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பின்குறிப்பு போல

மாமா இப்போது மூன்று மாதமாகக் குழாய்த் தண்ணீரைச் செம்பு பாட்டிலில் வைத்துக் குடிக்கிறார். குமட்டல் இல்லை, வாயில் வாடை இல்லை. இஞ்சி எலுமிச்சையையும் விடவில்லை. அது எவர்சில்வர் பிளாஸ்கில் போகிறது. பூங்காவுக்கு இரண்டு பாட்டில் தூக்கிக்கொண்டு போகிறார் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்களாம்.

போன வாரம் மறுபடி ஒரு கல்யாணம், இந்த முறை அண்ணா நகரில். வாசலில் தாம்பூலப் பையை வாங்கிய இடத்திலேயே பிரித்தார். உள்ளே இன்னொரு காப்பர் பாட்டில், போனதைவிட ஒல்லி. மூடியைத் திருகிக் கழற்றி, வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்க, கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை.

“மாப்பிள்ளை, இதை நீங்க வெச்சுக்குங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டு, தேங்காய் போட்ட பை ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.